விருந்தும் சிரட்டையும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் நூலின் வனப்புகள் எட்டினுள் ஒன்றுக்கு விருந்து என்று பெயரிட்டது அப்பொருளிலேதான். அச்சொல் பின்னர் புதிதாக வந்த மனிதனைக் குறித்தது. அதன் பின்னரே அவனுக்கு இடும் உணவைக் குறிக்கலாயிற்று. ஆகவே முன்பின் அறியாதவன், ஊரும் பேரும் தெரியாதவன், வாயிலில் வந்து நிற்கும் அந்நியன் எவனோ அவனே சொல்லின் முறையான பொருளில் விருந்தினன். உற்றார் உறவினரை அழைத்து உண்பிப்பது வேறொரு கடமை. வள்ளுவர் இவ்விரண்டையும் குழப்பவில்லை. விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்திலும் சுற்றந்தழாலை 53ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார்.

இந்த வேறுபாட்டை நாம் இன்று பெரும்பாலும் மறந்துவிட்டோம். விருந்தோம்பல் தமிழனின் தனிப்பண்பு என்று மேடைதோறும் முழங்குகின்றோம், பாடப்புத்தகங்களில் எழுதுகின்றோம், மாணவரை மனனஞ் செய்விக்கின்றோம். வன்னியைப் பற்றிப் பேசுவோர் அதனை இன்னும் உரத்த குரலிற் சொல்வர். வன்னிக்கு வந்தவன் பசியோடு திரும்பியதில்லை என்பது எங்கள் முள்ளியவளையிலும் அடிக்கடி கேட்கும் பெருமிதம். பெருமிதத்திற் பொய்யில்லை. ஆயினும் பண்பாடு என்பது வானத்திலிருந்து விழுந்த பொருளன்று. நிலத்தையும் உழைப்பையும் உடைமையையும் பற்றி எழுந்தது. ஆதலின் விருந்தோம்பலின் வரலாற்றை ஆராயப் புகுவோர் மூன்று கேள்விகளைத் தவிர்க்க முடியாது. விருந்தினனாக ஏற்கப்பட்டவன் யார்? அவனுக்கு இட்ட சோறு யாருடைய உழைப்பில் விளைந்தது? அது எந்தப் பாத்திரத்தில் இடப்பட்டது?

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, வழிச்செல்லும் பாணன் பெறும் விருந்தை நிலம் நிலமாகக் காட்டுகின்றது. கடற்கரையில் நுளையர் கள்ளும் மீனும் தருகின்றனர். காட்டில் எயினர் சோற்றோடு வேட்டையிறைச்சி தருகின்றனர். வயற்புறத்தில் உழவர் சோற்றோடு நண்டுக்கறி தருகின்றனர். முல்லைத்தீவுப் பகுதியை அறிந்தோர்க்கு இது பழங்கதையாகத் தோன்றாது. கடலும் காடும் வயலும் ஒரு நாள் நடைத்தூரத்துள் அடங்கிய நாடு இது. கரையோரத்தான் மீன் தருவான். காட்டோரத்தான் தேனும் வற்றலும் தருவான். குளத்தின் கீழ் வயல் செய்பவன் அரிசியும் எருமைத்தயிரும் தருவான். தம் கையால் தேடியதைத் தம் கையால் கொடுப்பதே அவ்விருந்தின் சிறப்பு. உழைப்பவனே அங்கு உபசரிப்பவனாகவும் இருந்தான்.

காடு சூழ்ந்த நாட்டில் இவ்வழக்கம் தோன்றியதற்குக் காரணமும் எளிது. ஒரு குளத்துக்கும் மறு குளத்துக்கும் இடையே பல கட்டைத் தூரம் காடு. இருட்டிவிட்டால் யானை, கரடி. அந்நியனுக்குக் கதவைச் சாத்துவது அவனைச் சாவுக்கு விடுவதற்கு ஒப்பாகும். இன்று திண்ணை கொடுப்பவன் நாளை மாடு தேடிச் சென்ற இடத்தில் வேறொருவன் திண்ணையை நாட வேண்டியிருக்கும். எனவே விருந்தோம்பல் அங்கு தருமமாவதற்கு முன்னர் தேவையாக இருந்தது. தேவையிற் பிறந்ததனாலேயே அது உறுதியாகவும் இருந்தது.

ஆனால் அரசும் உடைமையும் வளர்ந்த இடத்தில் விருந்தின் இயல்பு மாறுகின்றது. வெளிநாட்டார் எழுதிவைத்த குறிப்புகளில் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம்.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா மாலைதீவிலிருந்து தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்டார். காற்று அவரது கலத்தை இலங்கையின் மேற்குக் கரைக்குத் தள்ளியது. அக்கரையை ஆண்டவன் ஆரியச்சக்கரவர்த்தி. அவன் கடற்கொள்ளைக்குக் கலம் அனுப்புபவன், வணிகர்க்கு அங்கு பாதுகாப்பில்லை என்று மாலுமிகள் அஞ்சினர். இபுனு பதூதாவோ தாம் மதுரைச் சுல்தானின் உறவினர் என்று அறிவித்துக் கரையிறங்கினார். புத்தளத்தில் மன்னன் அவரை மதிப்புடன் வரவேற்றான். பாரசீக மொழியை விளங்கிக்கொண்ட அவன், வெளிநாட்டு வேந்தரைப் பற்றிய கதைகளை ஆவலோடு கேட்டான், முத்துக்களைக் காட்டினான், வேண்டியதைத் தயங்காது கேட்கச் சொன்னான். பாவா ஆதம் மலையைத் தரிசிப்பதே தம் விருப்பம் என்றார் பயணி. உடனே பல்லக்கும், அதனைத் தூக்க அடிமைகளும், வழிகாட்ட 4 யோகியரும், 3 பிராமணரும், 10 துணைவரும், உணவு சுமக்க 15 ஆட்களும் ஏற்பாடாயினர்.

தமிழ் மன்னனின் விருந்தோம்பலுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ என்று நமது வரலாற்றாசிரியர் பலர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். நாம் சற்று மேலே செல்வோம். அந்தப் பல்லக்கைத் தூக்கியவர்க்கு வழியில் யார் விருந்திட்டனர்? மன்னன் அள்ளிக் காட்டிய முத்துக்காக மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவர், அந்த மண்டபத்தின் எந்த மூலையில் அமர்ந்தனர்? அன்றியும் மதுரைச் சுல்தானின் உறவினர் என்று சொல்லாத ஓர் ஏழை மாலுமி அதே கரையில் இறங்கியிருப்பின் அவனுக்குக் கிடைத்திருக்கக் கூடியது யாது? அரச விருந்து அந்நியனுக்கு அன்று. அந்நியனின் பின்னால் நிற்கும் அதிகாரத்துக்கே இடப்பட்டது. முத்தும் கறுவாவும் கடல் கடந்த காலத்தில் அவ்விருந்து அரசியலின் ஓர் உறுப்பாக விளங்கியது.

அதே இபுனு பதூதா வேறொரு செய்தியையும் எழுதியுள்ளார். மலையாளக் கரையில் முஸ்லிம் ஒருவர் தம் பாத்திரத்தில் உண்டால் அதனை உடைத்துவிடுவர், அல்லது அவரிடமே கொடுத்துவிடுவர். ஆகவே அவருக்கு வாழையிலையிற் சோறிடுவர் என்கின்றார். இலங்கையிலோ முஸ்லிம் யாத்திரிகரை இந்நாட்டு மக்கள் மதித்து, வீட்டினுள் இடமளித்து, உணவளிக்கின்றனர் என்று வியப்போடு பதிகின்றார். பல்லக்கைவிட இந்தக் குறிப்பே நமக்குப் பெறுமதி மிக்கது. மன்னனின் முத்தை மட்டுமன்று, சாதாரண குடிமகனின் சட்டியையும் பார்க்கத் தெரிந்த பயணி அவர்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த மற்றொரு வெளிநாட்டவர் ரொபேட் நொக்ஸ். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலொன்று புயலில் அகப்பட்டுக் கொட்டியாரக் குடாவுக்குப் பழுதுபார்க்க வந்தபோது, 1660இல் அதன் தலைவராகிய தந்தையும் மகனும் மாலுமிகளும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனாற் பிடிக்கப்பட்டனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழ 19 ஆண்டுகளைச் சிறைச்சாலை இல்லாத சிறையிற் கழித்தார். கைதிகள் ஊர் ஊராகப் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு ஊரார் முறைவைத்துச் சோறளிக்க வேண்டும் என்பது அரச கட்டளை. கட்டளைக்கு அஞ்சி இட்ட அந்தச் சோற்றை விருந்து என்பதா, வரி என்பதா? மன்னனின் கைதிக்கு உணவூட்டும் சுமை, தன் பிள்ளைக்கே அளந்து சோறிடும் உழவனின் தோளில் ஏற்றப்பட்டது. நொக்ஸோ தொப்பி பின்னியும், நெல்லைக் கடனாகக் கொடுத்தும், ஊர் ஊராகச் சிறு வாணிகம் செய்தும் தம் காலிலே நின்றார்.

1679இல் அவரும் தோழர் ஒருவரும் வியாபாரிகள் போல வடக்கே நடந்தனர். அனுராதபுரத்தில் அவர்கள் கண்டவர்கள் சிங்களம் அறியாத தமிழர். மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேச முடிந்தது. வற்றல் இறைச்சி வாங்க வந்தோம் என்ற அவர்களது சொல் நம்பப்பட்டது. அதன் பின்னர் மல்வத்து ஓயாவின் கரைக்காட்டினூடே, மனிதர் கண்ணிற் படாமல், வன்னியின் விளிம்பைத் தடவிச் சென்று, 1679 ஒக்டோபர் 18ஆந் திகதி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். யானையைவிட மனிதருக்கே அவர்கள் அதிகம் அஞ்சினர் என்பது கருதத்தக்கது. காட்டிலே வாழ்ந்த குடிமக்கள் கொடியவர் என்பதனாலன்று. அரசனின் தண்டனைக்கு அஞ்சும் குடி, அந்நியனைக் காட்டிக்கொடுக்க நேரும் என்பதனாலேயே அந்த அச்சம். அச்சம் ஆளும் நாட்டில் விருந்தோம்பல் வாழாது. நொக்ஸின் நூல் 1681இல் வெளிவந்தது. தாழ்ந்தோர் எனப்படுவோரின் வீட்டில் உயர்ந்தோர் எனப்படுவோர் உண்ணார், பருகார் என்பதையும், நீர் பருகுகையிற் பாத்திரத்தில் வாய் படாமல் உயர்த்தி ஊற்றிக்கொள்வர் என்பதையும் அவர் அதிற் குறித்துள்ளார். அந்நியன் கண்ணுக்கு மீண்டும் பாத்திரமே பட்டிருக்கின்றது.

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. உலகெங்கும் விருந்தோம்பலுக்குப் பேர்போன மக்களுள் குர்தியர் முதன்மையானோர். அவர்களது மலைக்கிராமத்துக்குச் செல்லும் பயணியிடம் பெயர் கேட்பதற்கு முன்னரே தேநீர் நீட்டப்படும் என்பர். அங்கும் மரபுவழி விருந்தினர் கூடம் ஆகா எனப்படும் தலைவனுடையது. புகழ் அவனுக்கு. கூடத்தை நடத்துவதற்கான தானியமோ அக்கிராமத்து உழவரின் விளைச்சலிலிருந்து பங்காகப் பெறப்பட்டது. வந்தவன் தலைவனை வாழ்த்திச் சென்றான். அரிசியை விளைத்தவன் அவ்வாழ்த்தைக் கேட்கவில்லை. ஆயினும் அந்த மக்களிடம் அதைவிடப் பெரிய விருந்தொன்றும் உண்டு. 1991இல் சதாம் உசேனின் படைக்கு அஞ்சி இலட்சக்கணக்கில் மலையேறி ஓடிய ஈராக்கியக் குர்தியர், 2014இல் மோசுல் வீழ்ந்த பின்னர் ஓடிவந்த யசீதியரையும் அரபியரையும் கிறித்தவரையும் இலட்சக்கணக்கில் தம் நிலத்தில் ஏற்றனர். தானே அகதியாக இருந்தவன் அகதிக்கு இடங்கொடுப்பது எந்தத் தலைவனின் கூடத்தினும் உயர்ந்தது.

வன்னிக்கும் அத்தகைய பெருமை உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறினர். அடுத்த மாதங்களிற் பல்லாயிரம் குடும்பங்கள் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தன. காணியின் ஒரு மூலையைப் பிரித்துக் கொடுத்தவர்களும், கிணற்றைப் பொதுவாக்கியவர்களும், மரநிழலையே வகுப்பறையாக்கிக் கொடுத்தவர்களும் இவ்வூர்களின் குடிமக்களே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது, உள்நோக்கி ஓடிவந்தவர்க்கு முதற்சோறு சமைத்தவையும் அயலூர் அடுப்புகளே. வைகாசித் திங்களில் முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலிற் கடல்நீரில் விளக்கெரிய, வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாட்டின் பல பாகங்களிலுமிருந்து மக்கள் நடந்து வருகையில், வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல் எழுகின்றது. அங்கு நீர் வார்ப்பவர் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

இனி மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். பாராவிடின் நாம் எழுதுவது வரலாறாகாது.

யாழ்ப்பாணத்து வீடுகளின் மூக்குப்பேணி அழகிய கைவினைப்பொருள். வாய் படாமல் நீரருந்த வசதியாகச் செய்யப்பட்டது. விருந்தினர் பலருக்கு ஒரே பேணியை வழங்கலாம். ஆனால் அந்தப் பேணியும் ஒடுக்கப்பட்ட மக்களின் கைக்கு வரவில்லை. அவர்களுக்குச் சிரட்டை, அல்லது பனையோலையிற் கோலிய பிளா. வீட்டின் முற்றத்தைத் தாண்டவும் கூடாது. தேநீர்க்கடை வந்தபோது இவ்வழக்கம் கடைக்குள்ளும் புகுந்தது. ஒருவருக்குக் கண்ணாடிக் குவளை, மற்றவருக்குப் போத்தல் அல்லது தகரப்பேணி. ஊர்பேர் தெரியாத வெள்ளைக்காரனுக்கு நாற்காலி போட்டு உபசரித்த சமூகம், தன் வயலை உழுதவனுக்கும் தன் பனையேறியவனுக்கும் மண்ணைக் காட்டியது. இவர்கள் அந்நியருமல்லர், உறவினருமல்லர். ஆகவே விருந்தோம்பலிலும் இடமில்லை, சுற்றந்தழாலிலும் இடமில்லை. வள்ளுவரின் இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே ஒரு மக்கட்கூட்டத்தை நாம் வெளியே நிறுத்திவைத்தோம்.

அந்நிலை தானாக மாறவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபை போராடியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலிருக்க, 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. தேநீர்க்கடையில் ஒரு குவளைத் தேநீருக்காக மனிதர் அடிபட்டனர், உயிரும் கொடுத்தனர். ஒரு கோப்பைத் தேநீரின் விலையை அவர்களைக்காட்டிலும் அறிந்தவர் யார்?

வன்னியிற் சாதியின் கடுமை யாழ்ப்பாணத்தளவு இல்லை என்று சொல்லி நாம் ஆறுதல் அடைவதுண்டு. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களாலும் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 1970களிற் பட்டினியாலும் 1977, 1983 ஆகிய ஆண்டுகளிற் கலவரத்தாலும் துரத்தப்பட்ட மலையகத் தமிழர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தபோது நாம் செய்தது யாது? காடுவெட்ட அவர்கள் வேண்டியிருந்தது. எல்லைக் கிராமங்களை நிரப்ப அவர்கள் வேண்டியிருந்தது. வயலிற் கூலிக்கு அவர்கள் வேண்டியிருந்தது. காணி உறுதி எழுதும்போது மட்டும் அவர்கள் வந்தவர்களாயினர். விருந்தினன் என்பதற்கும் வந்தான் என்பதற்கும் அகராதியில் அதிக தூரமில்லை. வாழ்க்கையில் அது ஒரு தலைமுறைத் தூரம்.

அதனினும் கொடியது 1990 ஒக்டோபர். வடக்கின் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முள்ளியவளைக்கு அயலான தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அவருள் அடங்குவர். பல தலைமுறையாக நம்மோடு கொடுக்கல் வாங்கலும் விழாவும் துக்கமும் பகிர்ந்தவர்கள் அவர்கள். நம்மவருட் சிலர் அழுதனர். பெரும்பாலோர் அஞ்சி வாய்மூடி நின்றனர். இலங்கை மக்கள் முஸ்லிம் யாத்திரிகரை வீட்டினுள் அழைத்து உண்பிக்கின்றனர் என்று 1344இல் ஓர் அந்நியன் எழுதிய நன்றிக்குறிப்பை, 646 ஆண்டுகளுக்குப் பின் நாம் நம் கையாலேயே அடித்துவிட்டோம். அயலவன் வெளியேற்றப்படுகையில் மௌனம் காத்த ஊர், அந்நியனை ஓம்பிய பெருமையை எப்படிப் பேசும்?

இவ்வாறு எழுதும் எனக்கும் இதிற் பங்குண்டு. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர், கண்ணிவெடி அகற்றும் பணிக்காக வந்த ஐரோப்பியர் ஒருவர் எங்கள் வீட்டில் மதியம் உண்டார். நான் அப்போது சிறுவன். அம்மம்மா இரண்டு நாள் முன்னதாகவே நல்ல பாய்களைத் தேடி எடுத்தார். தலைவாழையிலை போட்டு, "தம்பி, இன்னுங் கொஞ்சம் போடட்டோ?" என்று மொழி தெரியாத அவரைத் தமிழிலேயே வற்புறுத்தினார். உண்டுகொண்டிருந்த அவர் முற்றத்தைக் காட்டி, அங்கு குந்தியிருக்கும் முதியவர் நம்மோடு உண்ணமாட்டாரா என்று கேட்டார். அவர் எங்கள் வயலில் வேலை செய்தவர். 1977இன் பின் மலையகத்திலிருந்து வந்தவர். அவருக்குரிய தகரப்பேணி இறவாரத்தில் எப்போதும் தனியாகச் செருகப்பட்டிருக்கும். ஆங்கிலம் அறிந்த மாமா சற்றுந் தாமதியாமல், அவர் வீட்டிலே சாப்பிட்டுவிட்டு வந்தவர் என்று பதில் கூறினார். அவர் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். காலையிலிருந்து அவர் எங்கள் விறகைத்தான் கொத்திக்கொண்டிருந்தார். அந்த வெளிநாட்டவர் தம் நாட்டுக்குத் திரும்பித் தமிழரின் விருந்தோம்பலைப் பற்றி நல்லபடியாகவே பேசியிருப்பார்.

2009ஆம் ஆண்டில் அந்த வீடும் இல்லை, இறவாரமும் இல்லை. முள்ளிவாய்க்கால் மணலில் அம்மம்மா கஞ்சிக்கு வரிசையில் நின்றார். கையிற் பாத்திரம் எதுவும் இருக்கவில்லை. தற்செயலாக அருகில் நின்ற அந்த முதியவரின் மகள் தன் கையிலிருந்த சிரட்டையை நீட்டினார். தன் பிள்ளை குடித்து முடித்த சிரட்டை அது. அம்மம்மா அதிற் கஞ்சியை வாங்கிக் குடித்தார். உப்பும் இல்லாத கஞ்சி. அதைப்பற்றி அவர் பின்னர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் முகாமிலிருந்து மீண்டு, தகரக் கொட்டிலில் முதல் அடுப்பு மூட்டிய நாளில், அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவரச் சொன்னார். முதியவர் திரும்பி வரவில்லை. மகளும் பிள்ளைகளும் வந்தனர். ஒரே பாயிலிருந்து எம்மோடு உண்டனர்.

சாவு எல்லோரையும் சமமாக்கிற்று என்று இக்கதையை முடித்துவிடலாம். அது உண்மையாகாது. அம்மம்மா காலமாகிவிட்டார். வீட்டுத்திட்டத்திற் கல்வீடு எழுந்தது. இப்போது சில வருகையாளருக்குக் கண்ணாடிக் கோப்பையிலும், வேறு சிலருக்கு ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கோப்பையிலும் தேநீர் வருகின்றது. கழுவும் வேலை மிச்சம் என்று காரணம் சொல்லப்படுகின்றது. யாருக்குக் கழுவ மனம் வருகின்றது, யாருக்கு வரவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கின்றேன். ஒருமுறை எழுந்து கோப்பையை மாற்றினேன், பலமுறை பேசாதிருந்தேன்.

வகுப்பறையில் விருந்தோம்பல் அதிகாரத்தை நடத்தும்போது இப்போது மாணவரிடம் ஒரு வேலை கொடுக்கின்றேன். கடந்த மாதத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தவர் யார் யார், அவர்கள் எங்கு அமர்ந்தனர், எதில் அருந்தினர் என்று ஒரு பட்டியல் எழுதி வரும்படி சொல்கின்றேன். சில பிள்ளைகள் எழுதி வருகின்றனர். சிலர் எழுதிவிட்டு ஒரு வரியை வெட்டிவிடுகின்றனர். அந்த வெட்டுக் கோட்டைக் கண்டு நான் நம்பிக்கை இழப்பதில்லை. ஒரு பிள்ளை வெட்கப்பட்டுவிட்டது. வரலாறு அங்கே தொடங்குகின்றது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நம் மரபை நாம் கைவிட வேண்டியதில்லை; அதன் சொல்லை அதன் முழுப்பொருளில் மீட்டெடுத்தாற் போதும். விருந்து என்றாற் புதியவன். அவன் கடல் கடந்தும் வரலாம், மலை இறங்கியும் வரலாம், முப்பது ஆண்டுகள் கழித்துத் தன் சொந்த ஊருக்கே அந்நியனாகத் திரும்பியும் வரலாம். அவனுக்கு இடும் சோறு நாம் உழைத்ததாக இருக்கட்டும். பாத்திரம் நாம் உண்ணும் பாத்திரமாக இருக்கட்டும்.